புதுப்பிப்பு: சிறைவாசிகள் கூடினால் தண்டனை கடுமையாகிவிட்டது என்று அர்த்தமா?

சிறைவாசிகள் எண்ணிக்கை ஏறுவதை வைத்து, சமூகம் கடுமையாகத் தண்டிக்கத் தொடங்கிவிட்டது என்று ஆய்வேட்டில் எழுதலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

கைகொடுத்தது, மொத்தத்தைப் பிரிக்கச் சொன்ன யோசனைதான்: ஆண்டுக்கு எத்தனை பேர் உள்ளே வருகிறார்கள், சராசரியாக எவ்வளவு காலம் இருக்கிறார்கள். ஆண்டுக்கு 1,000 பேர் வந்து ஆளுக்கு ஆறு மாதம் இருந்தாலும், 500 பேர் வந்து ஓராண்டு இருந்தாலும், ஏதாவது ஒரு நாளில் உள்ளே இருப்பவர்கள் கணக்கு 500தான். என் தரவில் வருகை குறைந்து, காலம் நீண்டிருந்தது.

எதிர்பாராத விஷயம், அந்த நீட்சியில் பெரும்பகுதி விசாரணைக் கைதிகளுடையது. தீர்ப்பே வராதவர்களைத் தண்டனைக் கணக்கில் எப்படிச் சேர்ப்பது? அவர்களுக்குத் தனி அத்தியாயம் ஒதுக்கிவிட்டேன். அப்புறம், தண்டனை முறை வேலைச் சந்தையின் நிலையைப் பொறுத்து மாறும் என்று ரூஷே, கிர்ஹைமர் என்ற ஆய்வாளர்கள் 1939இல் முன்வைத்த கருத்தைத் தண்டனைக் கைதிகளின் வருகையோடு மட்டும் ஒப்பிடுகிறேன். வரைபடம் முன்போல அழகாக இல்லை, நெறியாளர் ஒப்புக்கொண்டுவிட்டார்.