வகுப்பில் காலண்டர் செய்த கதை: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

காரைக்குடிப் பக்கத்திலிருந்து, நான்காம் வகுப்பு ஆசிரியை:

2025 ஜனவரியில் பிள்ளைகளை வைத்து மாதக் காலண்டர் செய்தோம். சார்ட் பேப்பரில் போஸ்டர் கலர் பட்டால் சுருண்டுவிடும். அதனால் வீட்டில் கழற்றிப் போட்ட தினசரி காலண்டர் அட்டையைக் கொண்டுவரச் சொன்னேன். மறுநாள் காலையில் ஓர் அம்மா வாசலில் நிற்கிறார். "டீச்சர், முருகன் படத்து மேல பசை தடவச் சொன்னீங்களாமே?" எனக்குச் சுருக்கென்றது. முன்னாடியே விளக்கமாகச் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தில்தான் ஒட்டப்போகிறோம் என்றதும் அவருக்கு நிம்மதி. அடுத்த முறை செய்கிறவர்கள் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

தேதிக் கட்டங்களை, வீட்டுத் தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல் மாதிரி வரையலாம் என்று முடிவானது. எங்கள் பிள்ளைகள் நிறையப் பேருக்கு அது தினமும் மிதித்து விளையாடுகிற பூக்கல். ஒரு பையனின் அப்பா பட்டறையில் கல் போடுகிறவர். கண்ணாடி மேல் அச்சை வைத்து, கலர் கலராக ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே சிமெண்டும் மணலும் போட்டு அழுத்தி, அப்புறம் தண்ணீரில் ஊறவைப்பார்கள் என்று எழுந்து நின்று கையாலேயே செய்து காட்டினான். வகுப்பில் வாயே திறக்காத பையன்! கண்ணாடியைத் தொட்டிருக்கும் பக்கம்தான் கல்லுக்கு மேல்பக்கம், அந்த வழவழப்பு அதனால்தான் என்பது அவன் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

வரிசைக்கு 7 கட்டம், 5 வரிசை. ஜனவரி, பிப்ரவரி சரியாக வந்தது. மார்ச்சில் மாட்டிக்கொண்டோம். 1ஆம் தேதி சனிக்கிழமை, 35 கட்டம் இருந்தும் 30ம் 31ம் வெளியே நிற்கின்றன. ஆறாவது வரிசைக்கு அட்டையில் இடமில்லை. கடைக் காலண்டரில் 23க்குக் கீழேயே 30ஐப் போட்டிருப்பார்களே, அதைச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் இவன் ஸ்கேலை எடுத்து மூலைக்கு மூலை கோடு இழுத்துவிட்டான். மேல் பாதி பச்சை, அதில் 23. கீழ் பாதி சிவப்பு, அதில் 30. "கல்லுலயும் இப்படி ரெண்டு கலர் வரும் டீச்சர்." பக்கத்துக் கட்டத்தில் 24ம் 31ம் அதே மாதிரி. நான் அளந்து கொடுத்திருந்தால் இது வந்திருக்காது.

தேவகோட்டையிலிருந்து, இரண்டாம் வகுப்பு ஆசிரியை:

அக்கா, நாங்கள் செய்தது 21 நாளுக்கு மட்டும். திருக்கார்த்திகையிலிருந்து 21ஆம் நாள் பிள்ளையார் நோன்பு, 21 இழையில் திரி போடுவார்கள் என்று ஒரு பெண் தன் ஆச்சி சொன்னதை வகுப்பில் சொன்னாள். உடனே ஓர் அட்டையில் 21 ஓட்டை போட்டு, நாளுக்கு ஒரு வெள்ளை நூல் கட்ட ஆரம்பித்தோம். திங்கட்கிழமை மட்டும் மூன்று. "சனிக்கு ஒண்ணு, ஞாயித்துக்கு ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணு" என்று எண்ணிக்கொண்டே கட்டுவார்கள். கழித்தல் கணக்குக்கு அழுகிற பிள்ளைகூட 'இன்னும் எத்தனை நாள்' என்றால் ஓட்டையைப் பார்த்து டக்கென்று சொல்லிவிடும்.

நடுவில் அரையாண்டு விடுமுறை வந்துவிட்டது. அட்டையை அந்தப் பெண்ணே வீட்டுக்கு எடுத்துப்போனாள். ஜனவரியில் பள்ளி திறந்த அன்று ஓலைக் கொட்டானுக்குள் வைத்துக் கொண்டுவந்தாள். ஒரு நாள்கூட விடவில்லை. ஒவ்வொரு நூலுக்குப் பக்கத்திலும் ஆச்சியின் கையெழுத்தில் தேதி இருந்தது.