பொருள்: ‘பக்க விளைவு’க்கு மாற்றுச் சொல் வேண்டும் (வெள்ளிக்கிழமைக்குள்)

மருந்தியல் ஆசிரியை:

குழுவினர்க்கு வணக்கம். முதலாண்டு செவிலிய மாணவிகளுக்காக, அன்றாடம் புழங்கும் 40 மருந்துகளுக்கு ஓர் அட்டவணை போட்டுக்கொண்டிருக்கிறேன். மருந்து, எதற்கு, பக்க விளைவு என்று மூன்று கட்டம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மூன்றாவது கட்டத்தின் தலைப்பில்தான் சிக்கல்.

போன வாரம் ஒரு மாணவி, இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் எடுக்கும் பாட்டியிடம், “இதுக்குப் பக்க விளைவு உண்டு பாட்டி, கணுக்கால் வீங்கலாம்” என்றிருக்கிறாள். பாட்டி மாத்திரையை உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டு, “எந்தப் பக்கம் விழும்?” என்று கேட்டாராம். பக்கவாதம் என்று காதில் விழுந்துவிட்டது. பக்கவாதம் வந்துவிடக் கூடாது என்பதற்கும் சேர்த்துத்தான் அந்த மாத்திரையே! அன்றைக்கு அவர் விழுங்கவில்லை. நல்ல சொல்லாகத் தாருங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்தால் இப்படித்தான் ஆகும். ‘மருந்தூறு’ என்று வையுங்கள். மருந்து + ஊறு. குற்றியலுகரம் கெட்டு உயிர் ஏறியது. ஊறு என்றால் தீங்கு. ‘ஊறு விளைவித்தான்’ என்பது இன்றும் வழக்கில் இருக்கிறது. ஐந்தெழுத்தில் காரியம் முடிந்தது.

‘பக்கம்’ வடமொழிப் பட்சத்தின் திரிபு என்பாரும் உண்டு. பகு என்னும் வேரில் பிறந்த தமிழே என்பது என் துணிபு. அதைத் தனியே விரித்து எழுதுகிறேன்.

மருந்தாளுநர்:

ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. மாத்திரை கொடுக்கிற சன்னலில் நின்று ‘மருந்தூறு’ என்றால், பாட்டில் ஒழுகுகிறதா என்று குனிந்து பார்ப்பார்கள்.

இன்னொன்று, எல்லாமே தீங்கும் இல்லை. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுத்தால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். பார்த்தால் பகீர் என்றிருக்கும், அவ்வளவுதான். அதை ஊறு என்று எழுதினால், 6 மாதம் எடுக்க வேண்டியதை 6ஆம் நாளே நிறுத்திவிடுவார்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

ஊறு என்பதற்குத் தொடுவுணர்வு என்றும் பொருள் உண்டு. ‘சுவையொளி ஊறோசை நாற்றம்’ என்று வள்ளுவர் ஐந்தில் ஒன்றாகவே வைக்கிறார். மருந்து உடம்பைத் தொட்டதன் தடம் என்று கொண்டால் செம்மஞ்சள் சிறுநீரும் உள்ளே வந்துவிடும்.

மருந்தாளுநர்:

வந்துவிடும் ஐயா. நோயாளிதான் வரமாட்டார்.

மொழிபெயர்ப்பாளர்:

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற தாள்களை மொழிபெயர்ப்பது என் பிழைப்பு. நான் ‘உடன்விளைவு’ போடுகிறேன். பயனோடு கூட வருவது. யாரும் சண்டைக்கு வந்ததில்லை. (யாரும் படித்ததில்லை என்பதும் காரணமாக இருக்கலாம்.) முடியாதென்றால் ‘வேண்டா விளைவு’. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், ஐயாவுக்கும் பிடிக்கும்.

மருத்துவர்:

இரண்டிலும் ஓட்டை இருக்கிறது. ‘உடன்’ என்றால் ‘உடனே’ என்றும் கேட்கும். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மினில் வயிற்றுப்போக்கு முதல் வாரமே வரலாம். அதே மருந்தால் வைட்டமின் பி12 குறைவது ஆண்டுக் கணக்கில் எடுத்த பிறகு.

‘வேண்டா’ என்றால், யாருக்கு வேண்டா? மினாக்சிடில் இரத்த அழுத்த மாத்திரையாகத்தான் வந்தது. எடுத்தவர்களுக்கு உடம்பில் மயிர் முளைத்தது. இன்று அதைத் தலையில் தடவிக்கொள்கிறார்கள். டைபென்ஹைட்ரமின் ஒவ்வாமைக்கான மருந்து. அதன் தூக்கக் கலக்கத்தையே தூக்க மருந்தாக விற்கிறார்கள்.

ஆஸ்பிரினைப் பாருங்கள். அது தடுக்கிற நொதியால் உண்டாகும் பொருள்களில் ஒன்று காய்ச்சலையும் வலியையும் கூட்டுகிறது, ஒன்று இரத்தத் தட்டணுக்களை ஒட்டவைக்கிறது, ஒன்று இரைப்பையின் உட்சுவரைக் காக்கிறது. வலி போவதும் வயிறு புண்ணாவதும் ஒரே வேலைதான். மருந்துக்கு நடுவும் தெரியாது, ஓரமும் தெரியாது. ‘பக்கம்’ என்பது நாம் நிற்கிற இடத்தைப் பொறுத்தது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

டாக்டர், கண்ணைத் திறந்தீர்கள்! ‘இருநோக்கு இவளுண்கண் உள்ளது ஒருநோக்கு நோய்நோக்கொன்று அந்நோய் மருந்து.’ ஒரே கண். ஒரு பார்வை நோய், ஒரு பார்வை மருந்து. ‘மறுநோக்கு’ என்று வைத்தால் என்ன?

மருந்தாளுநர்:

காமத்துப்பாலை வார்டுக்குள் கொண்டுவராதீர்கள் ஐயா.

மொழிபெயர்ப்பாளர்:

பக்கத்தை வடமொழியிலிருந்து மீட்டீர்கள் சரி. ‘மாத்திரை’யை என்ன செய்யப் போகிறீர்கள்? அது வடசொல்தானே?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, தொல்காப்பியரே ‘கண்ணிமை நொடியென அவ்வே மாத்திரை’ என்று ஆண்ட சொல்லை நான் யார் துரத்த? கண் இமைக்கும் நேரம், விரல் நொடிக்கும் நேரம். ஆக அது அளவு. வைத்தியன் கொடுத்த அளவு, பிறகு அளந்து உருட்டிய உருண்டையே ஆயிற்று. நீங்கள் இப்போது ‘மருந்தளவு’ என்று ஒன்று படைத்திருக்கிறீர்கள். அந்த வேலையை மாத்திரை எப்போதோ பார்த்துவிட்டது. மருந்தும் அப்படித்தான். தெலுங்கில் மந்து, கன்னடத்தில் மத்து. மூன்று மொழியிலும் அதே சொல் வெடிமருந்துக்கும் ஆகும். ஆக்கமும் அழிவும் ஒரே சொல்லில் இருக்கும்போது பக்க விளைவுக்குத் தனிச்சொல்லே எதற்கு?

மருந்தியல் ஆசிரியை:

ஐயா, இன்று வியாழன்.

கடிதங்களைப் படித்துவிட்டு அட்டவணையை மறுபடி பார்த்தேன். இரும்புச்சத்து மாத்திரைக்கு நேரே ‘மலம் கறுக்கும்’ என்று இருக்கிறது. நாலு வரி தள்ளி, வலிக்குக் கொடுக்கிற இபுப்ரொஃபேனுக்கு நேரேயும் ‘மலம் கறுக்கும்’. இரண்டும் என் கையெழுத்துதான். முதலாவது மிஞ்சிய இரும்பின் நிறம். சொல்லி வைத்தால் போதும். இரண்டாவது தார் மாதிரிப் பிசுபிசுவென்று போகும். வயிற்றுக்குள் இரத்தம் கசிகிறது என்று அர்த்தம், ஓடி வர வேண்டும். இரண்டையும் ஒரே தலைப்பின்கீழ் எழுதியிருக்கிறேன். தலைப்புக்கு எவ்வளவு தூய சொல்லைப் போட்டாலும் அந்த மாணவிக்கு இது தெரியப்போவதில்லை.

ஆகவே கட்டத்தை இரண்டாகப் பிரிக்கிறேன். ஒன்று ‘கூடவே வரக்கூடியவை’, மற்றது ‘நிறுத்திவிட்டுச் சொல்ல வேண்டியவை’. இரத்த அழுத்தத்துக்கான எனாலபிரில் என்றால் வறட்டு இருமல் முதலாவதில், உதடும் நாக்கும் வீங்குவது இரண்டாவதில். கொழுப்பைக் குறைக்கிற அடோர்வாஸ்டாடினில் லேசான தசைவலி முதலாவதில், வலியோடு சிறுநீரும் கருத்துப்போனால் இரண்டாவதில்.

மருத்துவர்:

நல்ல வேலை. ‘நிறுத்திவிட்டு’ மட்டும் வேண்டாம். பல வாரம் பிரெட்னிசோலோன் என்கிற ஸ்டீராய்டு எடுத்தவர் திடீரென்று நிறுத்தினால், உறங்கிப்போன அட்ரினல் சுரப்பி உடனே விழித்துக்கொள்ளாது, ஆளே சாய்ந்துவிடுவார். இதயத் துடிப்பைத் தணிக்கிற புரோப்ரனலாலையும் சட்டென்று நிறுத்தக் கூடாது. ‘உடனே சொல்ல வேண்டியவை’ என்று போடுங்கள். நிறுத்துவதா வேண்டாமா என்பதை, அதைக் கேட்கிற மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

அந்த இருமலையும் ‘வரக்கூடியது’ என்று விட்டுவிடாதீர்கள். மருந்தை மாற்றினால் போகும். அடுத்த முறை வரும்போது சொல்லட்டும்.

மொழிபெயர்ப்பாளர்:

‘கூடவே வரக்கூடியவை’ என்பது கலைச்சொல்லா? அகராதியில் எந்த எழுத்தின்கீழ் போடுவது? பெயர்ச்சொல்லாக ஒன்று இல்லாமல் என் தாள்களை எப்படி எழுதுவேன்? நான் ‘உடன்விளைவு’தான்.

மருந்தாளுநர்:

கட்டத்துக்கு என் ஓட்டு. வாயால் சொல்லும்போது ‘இதைச் சாப்பிட்டா இப்படி ஆகலாம்’ என்பதுதான் எப்போதும் நடக்கிறது. யாரும் கலைச்சொல் சொல்லி மாத்திரை கொடுப்பதில்லை.

மருந்தியல் ஆசிரியை:

அச்சுக்கு அனுப்பிவிட்டேன். தலைப்பு இரண்டும் டாக்டர் திருத்தியபடி. தேர்வுத்தாளில் ‘பக்க விளைவு’ என்றுதான் வரும் என்பதால் அதைச் சிறிய எழுத்தில் கீழே போட வேண்டியதாயிற்று. இரும்புச்சத்தும் இபுப்ரொஃபேனும் ஒன்றாக எடுப்பவருக்கு மலம் கறுத்தால் எந்தக் கட்டம் என்று ஒரு மாணவி இப்போதே கேட்டுவிட்டாள். ‘சந்தேகமானால் இரண்டாவது’ என்றேன். அனைவருக்கும் நன்றி.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

என் மறுப்பு குழுவின் பதிவில் இருக்கட்டும். ஒரு தொடரைத் தலைப்பாக வைப்பது சொல் இல்லை என்று ஒப்புக்கொள்வதாகும். மருந்தூறு நிற்கும்; அடுத்த பதிப்பில் பார்ப்போம். ‘பக்கம்’ பற்றி எழுதுவதாகச் சொன்னது பாக்கி இருக்கிறது. எழுதிவிட்டேன், பதினொரு பக்கம் வந்திருக்கிறது. நாளை அனுப்புகிறேன்.