புதுப்பிப்பு: ஜவுளிக்கடையில் அப்பாவை நிற்க வைத்த விவகாரம்

வயலிலிருந்து அழுக்கு வேட்டியோடு வந்த அப்பாவை அரை மணி நேரம் நிற்க வைத்துவிட்டு, காரில் வந்தவர்களுக்குக் காபி கொடுத்து உபசரித்த ஜவுளிக்கடையைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். வழக்குப் போடலாமா என்றும் கேட்டிருந்தேன்.

வழக்கறிஞரான சித்தப்பாவிடம் பேசிவிட்டேன். பாகுபாடு காட்டக்கூடாது என்னும் அரசியலமைப்பின் 15(2)ஆம் பிரிவு, கடைகளையும் சேர்த்தே சொல்கிறது. ஆனால் மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் பார்த்து ஒதுக்கினால் மட்டும். வேட்டியின் அழுக்கு அந்தப் பட்டியலில் இல்லையாம்! தீண்டாமை என்றால் கதையே வேறு: பிறருக்கு விற்கும் அதே நேரத்தில், அதே இடத்தில், அதே நிபந்தனையில் விற்க மறுத்தாலே 1955ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி குறைந்தது 1 மாதம் சிறை. எங்களிடம் அதற்கு ஆதாரம் இல்லை. ஆகவே வழக்கும் இல்லை.

அந்தக் கடையின் பழைய மஞ்சள் பையில் அப்பா இப்போது தவிடு போட்டு வைத்திருக்கிறார்.