மறு: மினிகம்ப்யூட்டர் – குறுங்கணினியா, சிறுகணினியா?

> பிடிபி-8 கட்டுரையில் "குறுங்கணினி" என்றே போட்டுவிடலாமா?

வணக்கம் ஐயா,

பிடிபி-8 போன்ற மினிகம்ப்யூட்டருக்குக் குறுங்கணினி என்பது காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் "சிறு, குறு விவசாயிகள்" என்னும்போது குறுவைச் சிறுவுக்கும் கீழேதானே வைக்கிறோம்? குறுந்தொழில், சிறுதொழில் கதையும் அதேதான். என் ஓட்டு சிறுகணினிக்கு.

இழையில் இன்னொருவர் சொன்ன "இடைநிலைக் கணினி" எனக்கு ஒப்பவில்லை. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் பிடிபி-8ஐ வெளியிட்டது 1965இல். இதைவிடச் சிறிய மைக்ரோகம்ப்யூட்டர்களுக்கு வழிவிட்ட நுண்செயலி, இன்டெலின் 4004 சில்லு, வந்ததோ 1971இல். கீழே ஒன்றுமே இல்லாத காலத்தில் இடை எங்கிருந்து வரும்? மேலே மட்டும் இருந்தன, அறையை அடைத்துக்கொண்டு மாத வாடகைக்கு ஓடிய பெரிய இயந்திரங்கள். அவற்றுக்குப் பக்கத்தில் இது 18,000 டாலர். ஒரு ஆய்வுக்கூடம் சொந்தமாகவே வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். அடுத்த ஆண்டு வந்த அதன் மலிவு வடிவமான பிடிபி-8/எஸ் பத்தாயிரம் டாலருக்கும் கீழே இறங்கியது. ஒவ்வொரு பிட்டாகக் கணக்குப் போட்டதால் வேகம் மகா மட்டம். ஆக, "சிறு" என்றால் உருவம் மட்டுமல்ல, விலையும்தான்.

நினைவகமும் சிறிசுதான்: 12 பிட் அகலத்தில் 4096 சொற்கள் (சொல் என்றால் இங்கே நினைவகத்தின் ஓர் அலகு), இன்றைய கணக்கில் 6 கிலோபைட். கட்டுரையில் "நிரலை உள்ளீடு செய்தனர்" என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். அதைக் கொஞ்சம் விரியுங்கள். முன்பலகையில் 12 சுவிட்சுகள். எட்டடிமான (octal) எண் முறையில் 7756 என்ற முகவரியை வைத்து, அங்கிருந்து நாடாவைப் படிக்கவைக்கும் சிறு நிரலின் 16 சொற்களை ஒவ்வொன்றாக மேலும் கீழும் தட்டி ஏற்ற வேண்டும். அதற்குப் பிறகுதான் டெலிடைப் என்ற தொலைத்தட்டச்சுப் பொறி, நிரல் துளையிடப்பட்ட காகித நாடாவைப் படிக்கும், நொடிக்குப் பத்து எழுத்து வீதம். நினைவகம் காந்த வளையங்களால் ஆனது என்பதால், மின்சாரத்தை நிறுத்தினாலும் அந்த 16 சொற்கள் அழியாது. வேறு நிரல் அவற்றை மிதித்துவிட்டால் மறுபடி சுவிட்சுதான்! இந்தச் சுவிட்சு வேலைக்குத் "தட்டியேற்றல்" என்று வைக்கலாமா?

அப்புறம், பிடிபி என்பதன் விரிவில் (Programmed Data Processor) கணினி என்ற சொல்லே கிடையாது. 1957இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் பணம் போட்டவர்கள் அந்தச் சொல்லுக்கே பயந்தார்கள், கணினித் தொழிலில் கைசுட்டவர்கள் அப்போது ஏராளம். அதனால் அந்தப் பெயரைப் பெயர்க்காமல் பிடிபி என்றே விடுங்கள். 1963இன் பிடிபி-5 முதல் 1970இன் 8/இ வரை அடிப்படைக் கட்டளைகள் எட்டும் மாறவில்லை என்பதால் இவற்றை ஒரே "குடும்பம்" என்பது பொருத்தமே.

ஞாயிறுக்குள் மறுப்பு வராவிட்டால் சிறுகணினியைக் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.