பேராமையின் கண்ணில் முளைத்த காலிஃபிளவர்

சென்ற கோடை விடுமுறையில் ஃபுளோரிடா கீஸ் தீவுகளுக்குப் போனோம். பிள்ளைகளின் நச்சரிப்பு தாங்காமல் மராத்தான் நகரிலுள்ள ஆமை மருத்துவமனைக்குள் நுழைந்தோம். 1986 முதல் நடக்கிறது. அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் இரவுக் கேளிக்கை விடுதியாம். இப்போது ஆமைகளுக்கு எக்ஸ்ரே எடுக்கிறார்கள்!

ஒரு தொட்டியில் சாப்பாட்டுத் தட்டு அளவில் ஓர் இளம் பேராமை, அதாவது பச்சைக் கடலாமை. கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு காலிஃபிளவர். துடுப்பின் அடியிலும் கொத்துக் கொத்தாக. கீரை இலை ஒன்று அதன் மூக்குக்கு ஒரு சாண் தள்ளி மிதந்தது. ஆமை வாயைத் திறந்து வெறும் தண்ணீரைக் கடித்தது. இலை நகர்ந்தது. மறுபடியும் தண்ணீரையே கடித்தது. "இந்தப் பக்கம், இந்தப் பக்கம்" என்று என் சின்ன மகள் கத்திக்கொண்டே இருந்தாள்.

காலிஃபிளவர் போலக் கட்டி முளைக்கும் இந்த நோயின் பெயர் ஃபைப்ரோபாப்பிலோமடோசிஸ். ஹெர்ப்பிஸ் வகை வைரஸோடு தொடர்புடையது. கட்டி புற்றுநோய் அல்ல. ஆனால் பார்வையை மறைத்து, பட்டினி போட்டே கொன்றுவிடுகிறது. லேசரால் அறுக்கிறார்கள், வெட்டும்போதே ரத்தக் குழாய்கள் பொசுங்கி மூடிக்கொள்வதால் ரத்தம் அதிகம் போவதில்லை. மீண்டும் முளைக்கிறதா என்று மாதக்கணக்கில் தனித் தொட்டியில் வைத்துப் பார்க்கிறார்கள். நுரையீரல், சிறுநீரகம் என உள்ளே கட்டி பரவியிருந்தால் கருணைக்கொலைதான். வழிகாட்டிப் பெண் அதைப் பிள்ளைகளிடமும் மறைக்கவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

கழிவுநீரைக் கடலில் கொட்டியதால் வந்த புது வியாதி என்றுதான் தோன்றுகிறது.

*

மேலே எழுதியவர் ஃபுளோரிடாவில் பார்த்த இந்த நோயை நான் பார்த்தது ஹவாயில், மாவி தீவில். பவளப்பாறைமேல் ஒரு பேராமை படுத்திருந்தது. கழுத்தோரம் கருத்த கட்டிகள். கிட்டே போகக் கூடாது என்பதால் தள்ளி நின்றே பார்த்தேன். கண்கள் தெளிவாக இருந்தன, நோய் லேசுதான் போல என்று நினைத்துவிட்டேன். கரையேறிய பிறகுதான் ஒருவர் சொன்னார்: ஹவாய் ஆமைகளுக்கு வாய்க்குள்ளும் தொண்டையிலும் கட்டி வருவது அதிகம், வெளியே பார்த்து எதுவும் சொல்ல முடியாது என்று. ஆனாலும் அங்கே 1990களோடு ஒப்பிட்டால் நோய் குறைந்திருக்கிறது. சில ஆமைகளுக்குக் கட்டி தானாகவே சுருங்கிவிடுவதும் உண்டு.

*

ஃபுளோரிடா ஆமை மருத்துவமனை பற்றி முதலில் எழுதியவருக்கு, மூன்றாமவனாக நான்: புது வியாதி அல்ல. 1938இலேயே, ஃபுளோரிடா கீஸின் கீ வெஸ்ட் தீவிலிருந்து நியூயார்க் மீன்காட்சியகத்துக்குப் போன பேராமையில் இதைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். கழிவுநீர்மேல் முழுப் பழியையும் போடவும் எனக்குத் தயக்கம். கட்டியே இல்லாத ஆமைகளிடமும் வைரஸ் இருக்கிறது. அதைத் தூண்டிவிடுவது எது என்பதில்தான் சண்டை. கெட்டுப்போன நீருக்கு அதில் பங்கு உண்டு என்பது வலுவான சந்தேகம், அவ்வளவே.

மாணவனாக இருந்தபோது ஃபுளோரிடாவின் இந்தியன் ரிவர் காயலில் ஆய்வுக் குழுவோடு வலை போட்டிருக்கிறேன். அங்கே சிக்கும் இளம் பேராமைகளில் ஏறத்தாழ பாதிக்குக் கட்டி இருக்கும். ஒன்றைத் தூக்கிப் படகில் வைத்தபோது கட்டிகளின் இடுக்கில் சிறுசிறு அட்டைகள் நெளிந்தன. வைரஸைக் கடத்துவது இவையாக இருக்கலாம் என்கிறார்கள். கட்டியுள்ள ஆமைக்கு ஒரு கையுறை, இல்லாததற்கு வேறு கையுறை; அளவுகோல்கூடத் தனி. அளந்து, துடுப்பில் எண் தகடு மாட்டித் தண்ணீரில் விட்டோம். அடுத்த இரண்டு பருவமும் வலையை இழுக்கும்போதெல்லாம் அந்த எண்ணைத்தான் தேடினேன். வரவில்லை.