லேப்டாப்பில் விர்ச்சுவல் சர்வர் திறக்கவில்லை, நாளை ரிவ்யூ, அவசரம்

தயிர்சாதம் | செவ்வாய், இரவு 9:42

வணக்கம். லேப்டாப்பில் விர்ச்சுவல் சர்வர் போட்டிருக்கிறேன். வீடியோவில் சொன்னபடி ஒரு வரி விடாமல் செய்தேன். சர்வர் ஓடுகிறது, ஸ்டேட்டஸ் பச்சையாகத்தான் காட்டுகிறது. ஆனால் பிரவுசரில் ஐபி போட்டால் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டுக் கடைசியில் திறக்க முடியவில்லை என்கிறது. ஃபயர்வாலை அணைத்தும் பார்த்துவிட்டேன். மூன்று தடவை எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து போட்டாயிற்று. ஹாஸ்டல் மெஸ் டோக்கன் ப்ராஜெக்ட். நாளை காலை 10 மணிக்கு ரிவ்யூ. யாராவது உடனே சொல்லுங்கள் அண்ணா.

மாங்கனி_நகர் | 9:47

வெப் சர்வரின் வாசலான 80ஆம் போர்ட்தான். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். விண்டோஸின் சொந்த வெப் சர்வரான ஐஐஎஸ் ஏற்கெனவே அதில் உட்கார்ந்திருக்கும். சர்வீசஸ் பட்டியலில் வேர்ல்டு வைட் வெப் பப்ளிஷிங் சர்வீஸ் என்று ஒன்று இருந்தால் நிறுத்திவிட்டு மறுபடி பாருங்கள்.

கொங்கு_கீபோர்டு | 9:51

லேப்டாப்பில் இருப்பது விண்டோஸா, லினக்ஸா? சர்வருக்கு எந்த மென்பொருள்? பிரவுசரில் அடித்த முகவரி என்ன? அதை அப்படியே எழுதுங்கள். "ஐபி போட்டால்" என்றால் எந்த ஐபி என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்று. அடித்த உடனேயே மறுத்தால், அந்த வாசலில் பதில் சொல்ல ஆள் இல்லை என்று பொருள். சுற்றிச் சுற்றி ஓய்ந்தால், நீங்கள் கேட்டது அங்கே போய்ச் சேரவே இல்லை. உங்களுடையது இரண்டாவது மாதிரி தெரிகிறது. அப்படியானால் மாங்கனி சொல்லும் 80ஆம் போர்ட் இதற்குப் பொருந்தாது.

மாங்கனி_நகர் | 9:53

பொருந்தும். எதற்கும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.

பழைய_பெங்குவின் | 9:58

இந்தக் கேள்வி வாரத்துக்கு ஒன்று வந்துவிடுகிறது. தேடிப் பார்க்கும் பழக்கமே போய்விட்டது. நான் கற்றுக்கொண்ட காலத்தில் வீடியோவெல்லாம் கிடையாது, லினக்ஸ் கையேடான மேன் பக்கம்தான் வாத்தியார்.

சரி. அப்பாச்சி வெப் சர்வரின் சைட்ஸ்-அவைலபிள் கோப்புறையில் நீங்கள் எழுதிய கோப்பை இங்கே ஒட்டுங்கள். அதில் சர்வர்நேம் வரி இருக்கிறதா? தளத்தை எனேபிள் செய்யும் ஏ2என்சைட் கட்டளை கொடுத்தீர்களா? விர்ச்சுவல் ஹோஸ்ட் என்றால் என்னவென்றாவது தெரியுமா, இல்லை அதையும் வீடியோதான் செய்ததா?

இரவுப்பறவை | 10:03

பயாஸில் விர்ச்சுவலைசேஷன் ஆன் செய்திருக்கிறீர்களா? நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அதில்தான் மாட்டுவார்கள். கணினிக்குள் கணினி ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் என்றால் ஜன்னலின் கீழ் ஓரத்தில் பச்சை ஆமை படம் தெரிகிறதா என்றும் பாருங்கள். ஆமை இருந்தால் விண்டோஸின் சொந்த விர்ச்சுவலைசேஷனான ஹைப்பர்-வி குறுக்கே நிற்கிறது.

கொங்கு_கீபோர்டு | 10:06

ஆமை இருந்தால் மெதுவாக ஓடும், ஓடாமல் போகாது. விர்ச்சுவலைசேஷன் ஆன் ஆகாமல் இருந்திருந்தால் அவருடைய மெஷின் கிளம்பியே இருக்காது.

பழைய_பெங்குவின் | 10:08

எந்த மெஷின்? அவர் கேட்பது அப்பாச்சியின் விர்ச்சுவல் ஹோஸ்ட் பற்றி.

கொங்கு_கீபோர்டு | 10:09

அவர் எழுதியிருப்பது விர்ச்சுவல் சர்வர். லேப்டாப்புக்குள் இன்னொரு கணினியா, ஒரே அப்பாச்சிக்குள் இன்னொரு தளமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். ஆளைக் காணோம்.

தயிர்சாதம் | 10:21

ஸாரி, மெஸ் மூடிவிடுவார்கள் என்று சாப்பிடப் போனேன். விண்டோஸ் 11, உள்ளே உபுண்டு. அடித்தது 10.0.2.15. உள்ளே ஐபி பார்த்தால் அதைத்தான் காட்டுகிறது.

கொங்கு_கீபோர்டு | 10:24

அப்பாடா. இதை முதலிலேயே சொல்லியிருந்தால் முக்கால் மணி நேரம் மிச்சம். விர்ச்சுவல்பாக்ஸ், நெட்வொர்க் அமைப்பு நேட். சரிதானே? 10.0.2.15 என்பது உங்களுக்கென்று கிடைத்த முகவரி இல்லை. நேட் முறையில் முதல் அடாப்டருடன் கிளம்பும் ஏறக்குறைய எல்லா மெஷினுக்கும் விர்ச்சுவல்பாக்ஸ் இதே எண்ணைத்தான் கொடுக்கும். வெளியே போகும் வாசல் 10.0.2.2. உலகத்தில் ஆயிரக்கணக்கான 10.0.2.15 இந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

நேட் என்றால் என்ன? உங்கள் ஹாஸ்டலையே எடுத்துக்கொள்ளுங்கள். அறையில் இருப்பவர் வார்டன் அறைப் போனிலிருந்து வெளியே யாரையும் கூப்பிடலாம். அதனால்தான் உபுண்டு உள்ளேயிருந்து எல்லாவற்றையும் டவுன்லோட் செய்கிறது, நீங்களும் நெட் வேலை செய்கிறது என்று நம்புகிறீர்கள். ஆனால் வெளியிலிருந்து வரும் அழைப்பை எந்த அறைக்கு அனுப்புவது என்று வார்டனிடம் யாரும் சொல்லி வைக்கவில்லை. ஃபயர்வாலை அணைத்ததால் ஒன்றும் ஆகாது. முதலில் அதை மறுபடி போட்டுவிடுங்கள், ஹாஸ்டல் வைஃபையில் இருக்கிறீர்கள்.

அமைப்புகளில் நெட்வொர்க், அதற்குள் போர்ட் ஃபார்வர்டிங். பொத்தான் தெரியாவிட்டால் எக்ஸ்பர்ட் முறைக்கு மாற்றுங்கள். புதிதாக ஒரு வரி: ஹோஸ்ட் ஐபி 127.0.0.1, ஹோஸ்ட் போர்ட் 8080, கெஸ்ட் ஐபி காலி, கெஸ்ட் போர்ட் 80. மெஷினை அணைக்க வேண்டியதில்லை. பிறகு விண்டோஸ் பிரவுசரில் 127.0.0.1:8080 அடியுங்கள்.

கரையோரம் | 10:29

இத்தனை சுற்று எதற்கு? நேட்டை பிரிட்ஜ்டு என்று மாற்றினால் ரூட்டரே நேராக ஒரு ஐபி கொடுத்துவிடும். ஒரே கிளிக்.

யாழ்_இணையன் | 10:35

வீட்டு ரூட்டரில் பெரும்பாலும் சரிவரும். விடுதி வைஃபையில் நம்ப முடியாது. வைஃபையில் ஒரு கருவி ஒரு மேக் முகவரியோடுதான், அதாவது தன் அடையாள எண்ணோடுதான், இணைகிறது. மடிக்கணினிக்குப் பின்னால் இன்னொரு மேக் முகவரி எட்டிப் பார்த்தால் ஆக்சஸ் பாயிண்ட் ஏற்காது. விர்ச்சுவல்பாக்ஸ் அதை மறைக்கச் சில வித்தைகள் செய்யும், எல்லா இடத்திலும் பலிக்காது. லொகின் பக்கம் வருகிற வைஃபை என்றால் இன்னும் கரைச்சல். நாளைக்கு ரிவ்யூ வைத்துக்கொண்டு தம்பி அதில் இறங்க வேண்டாம்.

நிரந்தர முகவரி வேண்டுமென்றால் பின்னர் ஆறுதலாக ஹோஸ்ட்-ஒன்லி என்று இரண்டாவது அடாப்டர் போடலாம், 192.168.56 என்று தொடங்கும். உபுண்டு சர்வர் அந்த இரண்டாவது அடாப்டரைத் தானாக எழுப்பாது, நெட்பிளான் என்ற நெட்வொர்க் அமைப்புக் கோப்பில் அதன் பெயரைச் சேர்க்க வேண்டும். அது தெரியாமல் நான் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை விட்டிருக்கிறேன்.

ஐந்து_நிமிடம் | 10:38

ஒரு டோக்கன் பக்கத்துக்கு லேப்டாப்புக்குள் முழு உபுண்டுவா? விண்டோஸிலேயே அப்பாச்சியை ஓட்டும் ஸாம்ப் போட்டால் ஐந்து நிமிடம். கோழி அடிக்கக் குறுந்தடி போதும்.

பழைய_பெங்குவின் | 10:41

ஸாம்ப் போட்டுப் பழகியவர்கள்தான் பிறகு நிஜ சர்வரில் ஏற்றிவிட்டு "என் லேப்டாப்பில் வந்ததே" என்று அழுகிறார்கள். விண்டோஸுக்குக் கோப்புப் பெயரில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்று. லினக்ஸுக்கு அவை இரண்டு வேறு கோப்புகள். லோகோ படம் ஒன்று போதும், மானம் போக.

ஐந்து_நிமிடம் | 10:43

அவர் ரிவ்யூவுக்குக் காட்டப்போகிறார், ராக்கெட் விடப் போவதில்லை.

கொங்கு_கீபோர்டு | 10:46

இதில் பெங்குவின் பக்கம்தான் நான், அவர் சொல்லும் விதம் வேறு விஷயம். நான் மெஷின் போடச் சொல்வது ஸ்னாப்ஷாட்டுக்காக. மூன்று தடவை அழித்துவிட்டுப் போட்டேன் என்கிறார் பாருங்கள். உபுண்டு போட்டு முடித்ததும் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்திருந்தால் ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிடத்தில் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கலாம்.

தயிர்சாதம் | 10:52

வந்துவிட்டது!!! ஆனால் என் பக்கம் இல்லை. அப்பாச்சி டிஃபால்ட் பேஜ் என்று உபுண்டு படம் போட்டு வருகிறது. என் ஃபைல் எல்லாம் மெஸ் என்கிற ஃபோல்டரில் இருக்கிறது. ஏ2என்சைட் கொடுத்தேன். நன்றி அண்ணா.

கொங்கு_கீபோர்டு | 10:53

அண்ணா இல்லை, அக்கா.

பழைய_பெங்குவின் | 10:57

நான் 9:58க்கே சொன்னேன். விர்ச்சுவல் ஹோஸ்ட்.

தம்பி, கவனமாகப் படியுங்கள். பிரவுசர் எந்தப் பெயரைக் கேட்டு வருகிறதோ, அதை அப்பாச்சி ஒவ்வொரு தளத்தின் சர்வர்நேம் வரியோடும் ஒப்பிடும். எதோடும் பொருந்தாவிட்டால் வரிசையில் முதலில் இருக்கும் தளத்தைக் கொடுத்துவிடும். உபுண்டுவில் டிஃபால்ட் தளத்தின் கோப்புப் பெயர் மூன்று பூஜ்யத்தில் தொடங்குகிறதே, அது அலங்காரத்துக்கு இல்லை. அகர வரிசையில் முதலில் நிற்பதற்காக. நீங்கள் 127.0.0.1 என்று கேட்டால் அந்தப் பெயரில் உங்களிடம் தளம் ஏது? முதலில் நிற்பவன் வந்து கதவைத் திறக்கிறான்.

எனவே பெயர் சொல்லிக் கேளுங்கள். விண்டோஸில் சிஸ்டம்32, அதற்குள் டிரைவர்ஸ், அதற்குள் இடிசி, அதற்குள் ஹோஸ்ட்ஸ் என்ற கோப்பு. நோட்பேடை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, கடைசியில் 127.0.0.1, ஓர் இடைவெளி, உங்கள் சர்வர்நேம் பெயர். அவ்வளவுதான்.

யாழ்_இணையன் | 11:01

"சேவ் ஆஸ்" கொடுத்தால் நோட்பேட் அதை டெக்ஸ்ட் கோப்பாகச் சேமித்துவிடும், வாலில் டாட் டிஎக்ஸ்டி ஒட்டிக்கொள்ளும். சேமிக்கும்போது "ஆல் ஃபைல்ஸ்" என்று மாற்றுங்கள். பெயருக்குப் பின்னால் 8080 போடவும் மறக்க வேண்டாம்.

சொல்வேட்டை | 11:06

இடையில் ஒரு வார்த்தை. ஒரே இழையில் ஹோஸ்ட் என்ற சொல்லை மூன்று பொருளில் போட்டுக் குழப்பியிருக்கிறோம். விர்ச்சுவல்பாக்ஸில் ஹோஸ்ட் என்றால் உங்கள் லேப்டாப். அப்பாச்சியில் விர்ச்சுவல் ஹோஸ்ட் என்றால் ஒரு தளம். ஹோஸ்ட்ஸ் கோப்பு என்றால் பெயருக்கு எதிரே முகவரி எழுதிய நோட்டு. தமிழில் எழுதியிருந்தால் மெய்நிகர் இயந்திரம், பெயர்வழித் தளம் என்று தனித்தனியாக நின்றிருக்கும். முதல் அரை மணி நேரச் சண்டையே வந்திருக்காது.

ஐந்து_நிமிடம் | 11:08

லேப்டாப் விருந்தோம்பி, உபுண்டு விருந்தாளி. விருந்தாளிக்கு வாசல் திறக்கவில்லை என்று எழுதியிருந்தால் சமையல் குறிப்புப் பகுதிக்கு அனுப்பியிருப்பார்கள்.

பழைய_பெங்குவின் | 11:11

மெய்நிகர் என்றால் மெய்க்கு நிகர். விர்ச்சுவல் ஹோஸ்டில் என்ன மெய், என்ன நிகர்? வழங்கி என்பதை ஒப்புக்கொள்கிறேன், நல்ல சொல். மற்றவை தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு.

யாழ்_இணையன் | 11:13

நாங்கள் சேவையகம் என்றும் சொல்வோம். இப்போது அதைக் கதைத்தால் விடிந்துவிடும்.

சொல்வேட்டை | 11:15

பெங்குவின் ஐயா, பெங்குவின் என்பது எந்தத் தேர்வுக்கு?

தயிர்சாதம் | 11:34

இப்போது எஸ்எஸ்எல் ப்ரோட்டோகால் எரர் என்று வருகிறது. நான் எஸ்எஸ்எல் எதுவும் போடவே இல்லை!! டிஃபால்ட் பக்கமும் போச்சு. அக்கா ப்ளீஸ்.

மாங்கனி_நகர் | 11:36

443ஆம் போர்ட்.

பழைய_பெங்குவின் | 11:39

ஓபன்எஸ்எஸ்எல் கொண்டு நீங்களே கையெழுத்திட்ட சான்றிதழ் ஒன்றை உருவாக்கி, எஸ்எஸ்எல் மாட்யூலை எனேபிள் செய்து, தனியாக ஒரு விர்ச்சுவல் ஹோஸ்ட் எழுத வேண்டும். பிரவுசர் அந்தச் சான்றிதழை நம்ப வைப்பது அடுத்த வேலை. இரவு போதாது.

யாழ்_இணையன் | 11:41

பொறுங்கள். தம்பி, சர்வர்நேம் என்ன வைத்திருக்கிறீர்கள்?

தயிர்சாதம் | 11:42

மெஸ்டோக்கன் டாட் டெவ். வீடியோவில் டாட் டெவ் என்றுதான் இருந்தது.

யாழ்_இணையன் | 11:48

வீடியோ எந்த வருடத்தது என்று பாருங்கள். டாட் டெவ் என்பது சும்மா கிடந்த பெயர் இல்லை, கூகுள் கையில் இருக்கும் உண்மையான வால். அதில் முடியும் எந்தப் பெயரையும் ஹெச்டிடிபிஎஸ் வழியாக மட்டுமே திறக்க வேண்டும் என்று பிரவுசருக்குள்ளேயே ஒரு பட்டியலில் எழுதி வைத்திருக்கிறார்கள். குரோமில் இது 2017 கடைசியில் வந்தது, மற்றப் பிரவுசர்களும் அதே வழிதான். நீங்கள் ஹெச்டிடிபி என்று அடித்தாலும் அது எஸ் சேர்த்துக்கொண்டு உங்கள் 8080க்குப் போய் ரகசிய மொழியில் கதவைத் தட்டும். உங்கள் அப்பாச்சிக்கு அந்த மொழி தெரியாது. அதுதான் அந்த எரர். சான்றிதழ் ஒன்றும் வேண்டாம்.

டெவ் என்பதை டெஸ்ட் என்று மாற்றுங்கள். டாட் டெஸ்ட் இந்த மாதிரி வேலைக்கென்றே 1999இல் ஒதுக்கி வைத்த வால், யாருக்கும் விற்க மாட்டார்கள். இரண்டு இடத்திலும் மாற்ற வேண்டும்: உபுண்டுவில் சர்வர்நேம் வரி, விண்டோஸில் ஹோஸ்ட்ஸ் கோப்பு. பின்னர் அப்பாச்சியை ரீலோட் செய்யுங்கள். டாட் லோக்கல் பக்கம் போகாதீர்கள், அது வீட்டு நெட்வொர்க்கில் பிரிண்டர் முதலான கருவிகள் ஒன்றையொன்று தேடும் பெயர், வேறு தலைவலி.

கொங்கு_கீபோர்டு | 11:52

இது எனக்கே தோன்றவில்லை. நான் போர்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழைய_பெங்குவின் | 11:55

டாட் டெவ் விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பெயரை முதலிலேயே எழுதியிருந்தால் நானே சொல்லியிருப்பேன்.

ஐந்து_நிமிடம் | 11:56

ஸாம்பில் லோக்கல்ஹோஸ்ட் என்று அடித்திருப்பார், இத்தனைக்கும் வேலையே இல்லை.

பழைய_பெங்குவின் | 11:58

மறுபடியுமா?

கொங்கு_கீபோர்டு | புதன், நள்ளிரவு 12:20

தயிர்சாதம், வந்ததா? வந்திருந்தால் தூங்குவதற்கு முன் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவிடுங்கள். காலையில் ஹாலுக்குப் போனால் வைஃபை இருக்குமா என்ற கவலை வேண்டாம், இது முழுக்க லேப்டாப்புக்குள்ளேயே நடப்பது.

இரவுப்பறவை | 12:47

பயாஸ் பார்த்தீர்களா என்று கடைசிவரை சொல்லவில்லையே.

கொங்கு_கீபோர்டு | காலை 9:30

ஆள் இருக்கிறாரா?

தயிர்சாதம் | வியாழன், மாலை 6:15

ஸாரி அக்கா, தூங்கிவிட்டேன். டெஸ்ட் என்று மாற்றியதும் வந்துவிட்டது. ரிவ்யூ முடிந்தது. டேட்டாபேஸ் படமான ஈஆர் டயகிராம் மட்டும்தான் கேட்டார்கள், தளத்தைத் திறக்கச் சொல்லவே இல்லை. எல்லோருக்கும் நன்றி.

மாங்கனி_நகர் | 6:40

எதற்கும் அந்த 80ஆம் போர்ட்டை ஒரு தடவை பார்த்துவிடுங்கள் தம்பி.