அயர்லாந்தில் பசுவுக்கு 150 யூரோ மானியம்: எதைப் பார்த்துக் கொடுக்கிறார்கள்?

கொரங்காடு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வெள்ளகோவில் பக்கம் எங்கள் ஊர். வீட்டில் காங்கேயம் பசுக்கள் இருக்கின்றன, மேய்ச்சல் எல்லாம் கொரங்காட்டில்தான் (வேலி அடைத்த மானாவாரி மேய்ச்சல் நிலம்). அயர்லாந்தில் இறைச்சிக்காக மாடு வளர்ப்பவர்களுக்கு ஒரு பசுவுக்கு 150 யூரோ வரை அரசே தருகிறது என்று ஒரு கட்டுரையில் படித்தேன். நம் பணத்தில் பதிமூன்றாயிரத்துக்கு மேல் வருகிறது. மாடு வைத்திருந்தாலே போதுமா? இனத்தை மேம்படுத்தினால்தான் பணம் என்றும் அதில் எழுதியிருந்தார்கள். மேம்பட்டதா இல்லையா என்று யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? நாங்கள் காளையைத் திமில், கொம்பு, சுழி பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோம். அங்கே எப்படி? அங்கே இருப்பவர்கள் யாராவது விவரம் சொல்லுங்கள்.

ரோஸ்காமன்வாசி எழுதியது:

வணக்கம் அண்ணா. எனக்குச் சொந்த ஊர் பெருந்துறை. மனைவி இங்கே நர்ஸ் வேலைக்கு வந்தார், கூடவே நானும் வந்தேன். ரோஸ்காமன் மாவட்டத்தில் ஒரு பெரியவருடைய பண்ணையில் வேலை பார்க்கிறேன். நீங்கள் கேட்பது இந்தப் பண்ணையிலேயே நடப்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

இங்கே இறைச்சி மாட்டுப் பண்ணை என்றால் பெரும்பாலும் சிறு பண்ணைதான். பசுவிடம் பால் கறப்பதே இல்லை. கன்று எட்டு, ஒன்பது மாதம் தாயோடு புல்வெளியில் குடித்து வளரும். இலையுதிர் காலத்தில் பிரித்துச் சந்தையில் விற்பார்கள். ஆண்டுக்கு ஒரு கன்று, அதுதான் வருமானம். பசு ஓராண்டு சினை பிடிக்காமல் போனால் அந்த ஆண்டுத் தீவனச் செலவு முழுக்க நட்டம்.

2015-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஊரக வளர்ச்சி நிதியோடு ஒரு திட்டம் வந்தது. ஆறு ஆண்டு ஒப்பந்தம். முதல் பத்துப் பசுக்களுக்குத் தலைக்கு 95 யூரோ, அதற்கு மேல் 80 யூரோ என்கிற கணக்கில் கொடுத்தார்கள். அதற்கு அடுத்து 2023-ல் தொடங்கியதுதான் நீங்கள் படித்த திட்டம். இது ஐந்து ஆண்டு. முதல் 22 பசுக்களுக்கு 150 யூரோ, மீதிக்கு 120. பழைய ஆண்டுகளில் பண்ணையில் கன்று ஈன்ற பசுக்களை வைத்து உச்ச எண்ணிக்கை ஒன்றை முன்கூட்டியே குறித்துவிடுவார்கள். அதற்கு மேல் எத்தனை மாடு சேர்த்தாலும் பணம் கூடாது. மாட்டைப் பெருக்குவதற்கான பணம் இல்லை இது. திட்டத்தின் பெயரிலேயே (Suckler Carbon Efficiency Programme) கார்பன் இருக்கிறது. சும்மா நிற்கும் பசு குறைந்து, இருக்கும் பசு ஒவ்வொன்றும் ஆண்டுதோறும் நல்ல கன்று தந்தால், ஒரு கிலோ இறைச்சிக்கு வெளியேறும் மீத்தேன் குறையும் என்பது கணக்கு.

அப்படியென்றால் பணம் எதற்கு? என் பார்வையில் முக்கால்வாசி பதிவேட்டுக்குத்தான். கன்று பிறந்ததும் காது வில்லை போடுகிறோம் இல்லையா, இங்கே அதற்கென்று ஒரு வகை வில்லை உண்டு. குத்தும்போதே காதிலிருந்து பொட்டளவு சதை வெட்டுப்பட்டு ஒரு சின்னக் குப்பிக்குள் விழும். குப்பியில் அதே எண் இருக்கும். உறையில் போட்டு அஞ்சலில் ஆய்வகத்துக்கு அனுப்பினால் டிஎன்ஏ பார்த்து அப்பன் யார் என்று உறுதி செய்துவிடுவார்கள். நான் முதலில் நம்பவில்லை. ஒரு கன்றுக்கு நாங்கள் எழுதி அனுப்பிய காளை தவறு, பக்கத்து வயல் காளைதான் தகப்பன் என்று அறிக்கை வந்ததும் நம்பிவிட்டேன்.

அப்புறம் எடை. பசுவையும் கன்றையும் ஒரே நாளில் இரும்புக் கூண்டில் ஏற்றி நிறுத்த வேண்டும். இந்தப் பண்ணையில் 780 கிலோ பசு ஒன்று இருந்தது, பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. அதன் கன்று 270 கிலோதான். பக்கத்தில் 620 கிலோவில் சாதாரணமாகத் தெரிந்த செவலைப் பசுவின் கன்று 300-ஐத் தாண்டியது, இத்தனைக்கும் இரண்டும் ஒரே வாரத்தில் பிறந்தவை. எது நல்ல தாய் என்று பெரியவரிடம் அதற்குப் பிறகு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பெரிய பசு அடுத்த ஆண்டே விற்பனைக்குப் போய்விட்டது.

பிரசவம் சுலபமா, கன்றுக்குத் துடிப்பு இருந்ததா, பசு சாந்தமா, பால் போதுமா என்றும் கேட்டு எழுதி வாங்குவார்கள். எல்லாம் சேர்ந்து ஐசிபிஎஃப் என்கிற தேசிய இனவிருத்திக் கூட்டமைப்புக்குப் போகும். அங்கிருந்து ஒவ்வொரு மாட்டுக்கும் 1 முதல் 5 வரை ஸ்டார் வரும். ஐந்து ஸ்டார் என்றால் அந்த இனத்தின் முதல் 20 சதவீதத்துக்குள் இருக்கிறது. இரண்டு பட்டியல் உண்டு: தாய்ப்பசுவாக வைத்துக்கொள்ள ஒன்று, கறிக்கன்று பெறுவதற்கு இன்னொன்று. நிபந்தனை தாய்ப்பசுப் பட்டியலில்தான் இருக்கிறது. 2023 அக்டோபருக்குள் குறித்த எண்ணிக்கையில் பாதிக்கு நிகராக 4 அல்லது 5 ஸ்டார் பசுக்கள் இருக்க வேண்டும், 2025-ல் 65 சதவீதம், 2027-ல் 75 சதவீதம்.

சிக்கலும் இருக்கிறது அண்ணா. சந்தையில் வியாபாரி காசு கொடுப்பது பின்தொடை உருண்டு திரண்ட கன்றுக்கு. ஸ்டார் கணக்கு மதிப்பது பாலையும் சினைப் பிடிப்பையும். ஷரோலே, பெல்ஜியன் புளூ மாதிரி கறி இனக் கன்றுகளில் பெயர் வாங்கியவர்களுக்கு இது கசக்கிறது, அவர்கள் வருத்தத்தில் நியாயமும் இருக்கிறது. 2023 கடைசியில் கணக்கு முறையைப் புதுப்பித்தபோது நிறைய மாடுகளுக்கு ஸ்டார் மாறி, நாடு முழுக்கப் பெரிய சர்ச்சை ஆனது. அதனால் ஸ்டாரை மட்டும் பார்த்துக் காளை வாங்காதீர்கள் என்றுதான் நான் யாரிடமும் சொல்வேன். பக்கத்திலேயே நம்பகத்தன்மை சதவீதம் போட்டிருப்பார்கள், அதையும் பார்க்க வேண்டும். கன்றுகளின் விவரம் சேரச் சேர அது கூடும்.

ஓய்வுபெற்ற ஆய்வாளர் எழுதியது:

தம்பி நன்றாக விளக்கினார். கால்நடைத் துறையில் இருந்தவன் என்பதால் நம் பக்கத்தைச் சேர்க்கிறேன். 2014 டிசம்பரில் நாட்டு மாட்டு இனங்களுக்கான மத்திய அரசுத் திட்டம் ராஷ்ட்ரிய கோகுல் மிஷன் தொடங்கியது. கிடேரிக் கன்றே பிறக்கும்படி பாலினம் பிரித்த உறைவிந்துவுக்குப் பாதி வரை மானியம் உண்டு. சோதனைக் குழாய் முறையில் சினை உறுதியானால் 5,000 ரூபாய் மானியம். ஆனால் இவை எல்லாம் ஊசிக்கும் சினைக்கும் தரும் பணம். கன்று எப்படி வளர்ந்தது என்று எழுதிவைக்கும் விவசாயிக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. காதில் 12 இலக்க வில்லை ஏற்கெனவே இருக்கிறது. அந்த எண்ணுக்குக் கீழே தாய், தகப்பன், ஈற்று இடைவெளி ஆகியவை விடாமல் ஏற வேண்டும். அதற்கு உழைப்பவருக்குக் கூலி கொடுத்தால் தப்பே இல்லை.

கொரங்காடு எழுதியது:

ரொம்ப நன்றிங்க இரண்டு பேருக்கும். காங்கேயத்தில் எதை எழுதி வைப்பது? எங்களுக்குக் கறி எடையும் வேண்டாம், பாலும் பெரிதில்லை. கண்ணபுரம் சந்தையில் உழவுக்கும் வண்டிக்கும் ரேக்ளா பந்தயத்துக்கும் பார்த்துத்தான் வாங்குகிறார்கள்.

ரோஸ்காமன்வாசி எழுதியது:

அண்ணா, இங்கத்து ஸ்டாரை அப்படியே அங்கே கொண்டுவந்தால் காங்கேயம் கெட்டுவிடும். வெயில் காலத்தில் காய்ந்த கொழுக்கட்டைப் புல்லிலேயே உடம்பு வற்றாமல் சினை பிடிக்கிற பசுதான் உங்களுக்குச் சொத்து. எனவே பிறந்த தேதி, தாய், எந்தக் காளை, முதல் ஈற்று எத்தனை மாதத்தில், ஒவ்வொரு ஈற்றுக்கும் இடைவெளி என்ன, கோடையில் பசுவின் உடம்பு எப்படி இருந்தது, இவற்றை ஒரு நோட்டில் ஆரம்பியுங்கள். கன்றை விற்றால் வாங்கினவர் போன் நம்பரையும் எழுதி வையுங்கள். இரண்டு வருடம் கழித்துக் கூப்பிட்டு, வண்டியில் எப்படி இழுக்கிறது, கால் எப்படி, குணம் எப்படி என்று கேட்டு அந்தத் தாய்ப் பக்கத்தில் சேருங்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரே மாதிரி எழுதினால்தான் ஒரு காளையின் கன்றுகளை வெவ்வேறு கொரங்காட்டில் ஒப்பிட முடியும். நோட்டுக்கு நான் கட்டம் போட்டுத் தருகிறேன், இங்கேயே பதிவிடுகிறேன்.